சாஸ்திரம் உஸ்தாத் ரிவர்ஸ் போட்ட நாள்

எட்டு கிரகமும் ஒரே ராசியில் கூடி உலகம் அழியப்போகிறது என்று ஊரே நடுங்கியதே, அந்த வருடம். பெங்களூர் அல்சூரில் தெருவுக்குத் தெரு ஹோமம், பஜனை. எங்கள் மர்பி டவுனில் ஒருத்தர், எப்படியும் போகத்தானே போகிறோம் என்று, வளர்த்த கோழிகளையெல்லாம் ஒரே வாரத்தில் அடித்துச் சாப்பிட்டார். குறித்த நாள் வந்தது, போனது. உலகம் அப்படியே இருந்தது, கோழிதான் இல்லை. இனி அழியாது என்று உறுதியானதும் காலேஜ் பிள்ளைகளுக்கெல்லாம் உலகத்தைச் சுற்றிப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. டூர் பஸ்களுக்கு அப்படி ஒரு கிராக்கி. அந்தக் கிராக்கியில்தான் எங்கள் உஸ்தாத்தின் ஸீட்டுக்கு ஆபத்து வந்தது.

ரிவர்ஸ் கியர் என்று ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்ளாத டிரைவர் இந்தப் பூமியில் அவர் ஒருத்தர்தான். ஆள் பனைமரம் மாதிரி உயரம். காக்கிச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிப் பார்த்தவர்கள் கிடையாது. அவருடைய பெயர் சம்பள நாளில் முதலாளிக்கு மட்டும்தான் ஞாபகம் வரும். மற்றவர்களுக்கு அவர் 'சாஸ்திரம் உஸ்தாத்'. உஸ்தாத் என்றால் எங்கள் வண்டிக்காரப் பேச்சில் தொழில் தெரிந்த குரு.

எங்கள் கம்பெனி ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் இருந்தது. காலேஜ், ஹாஸ்டல் பிள்ளைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு மைசூர், பேளூர், ஜோக் அருவி என்று சுற்றுகிற வேலை. கூரை மேல் சமையல் பாத்திரம், உள்ளே பாட்டு, கும்மாளம். அதில் உஸ்தாத் பெரிய டிரைவர். நான் அவருக்கு மாற்று டிரைவர். எனக்குப் படிப்பு கிடையாது. மைல்கல்லில் இருக்கும் எண்களைப் படிப்பேன், அதுவும் வண்டி மெதுவாகப் போனால். ஆனால் பேச்சு மட்டும் ஆண்டவன் எனக்கு அள்ளிக் கொடுத்திருந்தான்.

உஸ்தாத்துக்கு மூன்று சாஸ்திரம். முதலாவது, கிளம்பின வண்டி வீடு திரும்பும்வரை ஓர் அடிகூடப் பின்வாங்கக் கூடாது. இரண்டாவது, போகிற வண்டியைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார். மூன்றாவது, அவரிடம் பேச வேண்டுமென்றால் வலது கைப் பக்கம், அவர் ஜன்னலுக்கு வந்து பேச வேண்டும். இடது பக்கம் நின்று பேசினால் பயணம் விளங்காதாம்.

எந்தச் சாமியின் சாஸ்திரம் இது என்று யாருக்கும் தெரியாது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார், மாதா கோயிலைத் தாண்டும்போது நெற்றியைத் தொட்டுக்கொள்வார், வழியில் தர்கா வந்தால் வேகத்தைக் குறைப்பார். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம். எங்கள் ஷெட்டுக்கு இரண்டு வாசல் இருந்ததால் அங்கே பிழைப்பு ஓடியது. வெளியூரில் முட்டுச் சந்து வந்தால் ஸீட்டை விட்டு இறங்கி, "நீ எடுடா, உன் ராசி வேற" என்று என்னிடம் கொடுத்துவிடுவார்.

என் ராசி வேறுதான். மத்தூரில் ஒருமுறை நான் ரிவர்ஸ் எடுத்ததில் ஒரு வடைக் கடையின் பந்தல் முழுதாக எங்கள் வண்டியோடு கிளம்பிவிட்டது. கடைக்காரர் வாணலிக் கரண்டியோடு கொஞ்ச தூரம் ஓடிவந்தார். நான் கண்ணாடியில் பார்த்து, டாட்டா காட்டுகிறார் என்று நினைத்துப் பதிலுக்குக் கையை ஆட்டினேன்.

மற்ற நேரமெல்லாம் எனக்கு வேலை பேசுவதுதான். டிரைவருக்கு இடது பக்கம் இஞ்சின், அதன்மேல் தகர மூடி, அதற்கு இந்தப் பக்கம் நான். இடது பக்கச் சாஸ்திரம் நின்று பேசுகிறவர்களுக்குத்தான், உட்கார்ந்து பேசுகிற எனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டு, பெங்களூரை விட்டதும் ஆரம்பிப்பேன். என் கல்யாணத்தில் ரசம் கெட்டுப்போன கதை, என் மாமனாரின் கஞ்சத்தனம், நான் மட்டும் முதலாளியாக இருந்தால் என்னென்ன செய்வேன் என்பது எல்லாம். உஸ்தாத் ரோட்டையே பார்த்துக்கொண்டு தலையை ஆட்டுவார். நடுவில் குறுக்கிட மாட்டார், கொட்டாவி விட மாட்டார். என் வீட்டில் கிடைக்காத மரியாதை அந்த ஸீட்டில் எனக்குக் கிடைத்தது.

ஆபத்து எப்படி வந்தது என்றால், சிவனசமுத்திரத்துக்குப் போன ஒரு பெண்கள் காலேஜ் டூரில் உஸ்தாத் திருப்பத்தை விட்டுவிட்டார். பின்வாங்க மாட்டாரே! திரும்ப வசதியான இடம் தேடித் தேடி கொள்ளேகால் வரைக்கும் போய்விட்டார். நான் வேறு ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று துள்ளினேன். பெண்கள் எல்லாரும் சேர்ந்து வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். நடுராத்திரி பெங்களூர் திரும்பினபோது காலேஜ் கேட்டில் அப்பாமார்கள் வரிசையாக நின்றிருந்தார்கள்.

அடுத்த டூர் கெம்மண்ணுகுண்டி மலைக்கு, ஹாஸ்டல் பையன்களோடு. முதலாளியின் மச்சான்தான் எங்கள் மேனேஜர். அவரும் பெட்டியோடு வந்து உஸ்தாத்தின் ஜன்னலுக்குக் கீழே நின்றார்.

"உஸ்தாத், நானும் வர்றேன். எங்கயாச்சும் ஊரைச் சுத்த வெச்சீங்க, இல்ல ரிவர்ஸுக்குன்னு ஸீட்டை இவன் கையில குடுத்தீங்க, அதோட ஸீட்டு இவனுக்குத்தான். நீங்க ஷெட்டுல உக்காந்து பஞ்சர் ஒட்டலாம்."

"ஆகட்டும் சாமி" என்றார் உஸ்தாத். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்டியரிங்கை மட்டும் துண்டால் ஒருமுறை துடைத்தார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். பெரிய டிரைவர் ஆனால் மீசையை எப்படி வைத்துக்கொள்வது என்று அரசிகெரே தாண்டும்வரை யோசித்தேன். அதைக்கூட உஸ்தாத்திடமே சத்தமாகச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

மலை ஏறியது நன்றாகவே போயிற்று. இறங்கும்போதுதான், ஒரு வளைவில் எதிரே மரக்கட்டை ஏற்றின லாரி வந்து நின்றது. இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் மலைச்சுவர். பாரத்தோடு ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும். எங்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ரோடு அகலமாக இருந்தது.

"ஹிந்தக்கே தகொளப்பா!" என்று லாரி டிரைவர் கையைப் பின்னால் தள்ளிக் காட்டினான்.

மேனேஜர் முன் ஸீட்டில் கைகட்டி உட்கார்ந்து உஸ்தாத்தையே பார்த்தார். உஸ்தாத் என்னைப் பார்த்தார். அவர் அப்படி என்னைப் பார்த்து நான் பார்த்ததில்லை.

"டேய், பின்னாடி போய் நில்லு" என்றார்.

பஸ் ரிவர்ஸ் எடுப்பது டிரைவர் வேலை பாதி, பின்னால் நிற்பவன் வேலை பாதி. அவன் பாடியைத் தட்டிக்கொண்டே இருந்தால் வரலாம் என்று அர்த்தம். ஓங்கி ஒரே அடி அடித்தால் நில் என்று அர்த்தம். நான் போய்த் தட்டினேன். "வரட்டும், வரட்டும், ரைட்ல வரட்டும்." வண்டி வந்தது. ஆனால் ரைட்டில் வரவில்லை. இடது பின்சக்கரம் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து வந்தது. ஓங்கி அடித்தேன். "ஹோல்டான்!" வண்டி நிற்கவில்லை. இரண்டு கையாலும் அடித்தேன். "ஹோல்டான் உஸ்தாத்!" பையன்கள் கத்தினார்கள். வண்டி வந்துகொண்டே இருந்தது.

மலைச்சுவர் பக்கமாக முன்னால் ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்குச் சொல்கிறேன். பாதி தூரம் சாக்கடையில் உருண்டுதான் போனேன். சேற்றோடு எழுந்து அவர் ஜன்னலில் தலையை நீட்டினேன். என்னைப் பார்த்த அந்த நொடியே வண்டி நின்றது. உஸ்தாத்தின் நெற்றியிலிருந்து வேர்வை ஒழுகிக்கொண்டிருந்தது. மெதுவாகக் கேட்டார்:

"தட்டினியா?"

"கை வீங்கிப்போச்சு உஸ்தாத்!"

இஞ்சினை நிறுத்தினார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இஞ்சின் பக்கத்துக் காது செத்துப்போய் வருஷமாவுதுடா. இந்தக் காதும் அரைதான். பின்னாடி யார் தட்டினாலும் எனக்குக் கேக்காது."

ரிவர்ஸ் போடாதது, பின்னால் கூப்பிட்டால் திரும்பாதது, வலது ஜன்னலுக்கு வரச்சொன்னது என்று மூன்று சாஸ்திரமும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை காலம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மடையன் நான். பேசுகிறவனுக்குப் பதில் வருகிறதா என்று பார்க்க எங்கே நேரம்?

மேனேஜர் இறங்கி வந்தார். "இன்னாய்யா ஆச்சு? ஸீட்டை மாத்திக்கிறீங்களா?"

நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஸீட் எனக்கு. வாயைத் திறந்தேன். பெரிய மனசு என்று நினைக்காதீர்கள். உஸ்தாத்தின் முகத்தைப் பார்த்தேன், அது உண்மை. ஆனால் அந்தப் பள்ளத்தையும் பார்த்தேன். அந்த ஸீட்டில் அந்த நிமிஷம் உட்கார வேண்டியது நான். இங்கே மோத வடைக் கடைகூடக் கிடையாது.

"ஒண்ணுமில்ல சார்" என்றேன். "மலைப்பாதைன்னா உஸ்தாத்துக்கு ஒரு முறை இருக்கு. பையனுங்களை எறக்கி வரிசையா நிறுத்தணும். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

உஸ்தாத் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு மேனேஜரிடம், "ஆமா சாமி" என்றார்.

பையன்களை இறக்கி, பின்சக்கரத்திலிருந்து மலைச்சுவர் ஓரமாக முன்கண்ணாடி வரை நிறுத்தினேன். கடைசிப் பையன் வண்டிக்குப் பின்னால் தள்ளி நின்று, பள்ளத்துப் பக்கச் சக்கரத்தைப் பார்த்துக் கைக்குட்டையை ஆட்டுவான். அவனைப் பார்த்து அடுத்தவன். இப்படியே முன்னால் வரும். கண்ணாடிக்கு எதிரே உஸ்தாத்தின் கண்ணில் படும்படி நான் நின்று, ரைட்டுக்கு ரைட்டிலும் லெஃப்டுக்கு லெஃப்டிலும் இரண்டு கையையும் உடம்பையும் சாய்த்துக் காட்டினேன். உடம்பெல்லாம் சேறு வேறு.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் இடுப்பை வளைச்சா நல்லாருக்கும்!" என்றான் ஒருத்தன்.

கன்னடத்தில் கத்தின லாரி டிரைவரும் எங்கள் ஊர்த் தமிழ்ப் பேச்சுக்காரன்தான் போல. "யோவ், இது பஸ்ஸா தேராய்யா?" என்று கேட்டான்.

தேர் மாதிரியே வந்தது வண்டி. அங்குலம் அங்குலமாக, சுவரை உரசாமல், பள்ளத்தைப் பார்க்காமல். உஸ்தாத்தின் கண் என் கையை விட்டு அசையவில்லை. அகலமான இடம் வந்ததும் நான் இரண்டு கையையும் தூக்கினேன். நின்றது. லாரி உறுமிக்கொண்டு தாண்டிப் போனது. பையன்கள் கைதட்டினார்கள். மேனேஜருக்கு அந்த முறை ரொம்பப் பிடித்துவிட்டது. பெங்களூர் போனதும், மலைப்பாதையில் எல்லா வண்டிக்கும் இனி இப்படித்தான் என்று உத்தரவே போட்டார். மற்ற டிரைவர்கள் எனக்குக் கொடுத்த திட்டை இங்கே சொல்ல முடியாது.

கீழே தரிகெரேயில் டீ குடிக்க நிறுத்தினோம். நான் அவருடைய வலது பக்கம் போய் நின்றேன்.

"அப்ப இத்தினி நாளா நான் பேசினது?"

"ஒரு வார்த்தை கேட்டதில்லடா."

"என் கல்யாணக் கதை? மாமனார் கதை?"

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"எல்லாத்துக்கும் தலையாட்டினீங்களே!"

"ரோடு ஆட்டுச்சு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "பின்ன எதுக்கு என்னைப் பக்கத்துல வெச்சிகினீங்க?"

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "உனக்கு முன்னாடி இருந்தவனுங்க எல்லாம் ஏறினதும் தூங்கிடுவானுங்க. சத்தமும் இல்லாம, பக்கத்துல முழிச்சிருக்கற ஆளும் இல்லாம, நான் மட்டும் ஒத்தையா ஓட்டிகினு போவேன். உன் வாய் ஆடிகினே இருக்கும். ஓரக்கண்ணுல அது தெரியும். அது போதும்டா எனக்கு."

அங்கிருந்து கிளம்பி ரொம்ப தூரம் நான் வாயைத் திறக்கவில்லை. ரோஷம். உஸ்தாத் ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்தார், இன்னொருமுறை பார்த்தார். கடைசியில் இஞ்சின் மூடியை விரலால் தட்டினார்.

"இன்னாடா, பேச்சைக் காணோம்? பேசுடா."

பெங்களூர் வரைக்கும் பேசினேன்.

அவர் தானாக வேலையை விடும்வரை அந்த ஸீட் அவருடையதாகத்தான் இருந்தது. பிறகு சொந்தக்காரர்களோடு கோலார் பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. இதைக் கேட்கிற உங்களில் யாருக்காவது அவர் வீட்டாரைத் தெரிந்தால் ஓர் உபகாரம் செய்யுங்கள். காது விஷயத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அது எங்கள் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். பக்கத்து ஸீட்டில் இருந்தவன் உயிரோடுதான் இருக்கிறான், இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறான் என்று சொல்லிவிடுங்கள்.