பின்னாலிருந்து தொடங்கிய படம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. புதிதாக எதையாவது கற்றுக்கொண்டால், அது உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்துவிடுவேன். இருபத்து நாலு வயதில், கோயம்புத்தூரில் இரண்டு நாள் குறும்படப் பயிற்சிக்குப் போய் வந்தபோது இந்த வியாதி நன்றாக முற்றியிருந்தது.

கதையை முதலிலிருந்துதான் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை, முடிவிலிருந்தும் தொடங்கலாம் என்றார் அங்கே பாடம் எடுத்தவர். இன்னும் எவ்வளவோ சொன்னார். எனக்கு இது ஒன்றுதான் காதில் விழுந்தது.

பந்தலூருக்குத் திரும்பியதும் டீ ஃபேக்டரி ஆபீசில் (நான் அங்கே கிளார்க்) ஒரு வாரம் லீவு போட்டுப் படம் எடுத்தேன். ஒரு எஸ்டேட் தொழிலாளியின் வாழ்க்கை சாவில் தொடங்கி, பின்னோக்கிப் போய்க் கல்யாணத்தில் முடியும். நாயகன், பஜாரில் பேக்கரி வைத்திருந்த என் பெரியப்பா. கல்யாணக் காட்சிக்காக மீசைக்கு மை அடித்துக்கொண்டார். சாவுக் காட்சியில் மழை ஈரத்தில் படுத்திருந்தபோது காலில் அட்டை ஏறியது. மனிதர் அசையவே இல்லை. "செத்தவனுக்கு எப்படிடா வலிக்கும்?" என்றார் பிறகு.

நெல்லியாளத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குறும்படப் போட்டி. நடுவர் சென்னையிலிருந்து வந்த ஒரு டைரக்டர். முதல் பரிசு வாங்குபவரை உதவி இயக்குநராகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். நான் ராஜினாமாக் கடிதமே எழுதிவிட்டேன்.

என் பழைய கம்ப்யூட்டர் படத்தை ஒரே ஃபைலாகச் சேர்க்க மறுத்ததால், ஐந்து துண்டுகளாகப் பென் டிரைவில் கொடுத்தேன். 'ஒன்று - சாவு' என்று தொடங்கி 'ஐந்து - கல்யாணம்' வரை பெயர் வைத்திருந்தேன். புரொஜக்டர் ஆபரேட்டர் வாங்கிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் செருகிப் பெயர்களைப் படித்துத் தலையாட்டினார்.

அன்றைக்குக் கடைசிப் படம் என்னுடையது. உள்ளே உட்காரத் தைரியமில்லாமல் வெளியே பனிமூட்டத்தில் நின்றேன். முடிவில் யாரோ விசும்பும் சத்தம், பிறகு கைதட்டல். 'கல்யாணக் காட்சிக்கே அழுகிறார்கள் என்றால் நீ மேதைதான்டா' என்று என்னை நானே மெச்சிக்கொண்டு உள்ளே போனேன்.

"ரொம்ப எளிமையா சொல்லியிருக்கீங்க. ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று டைரக்டர் மைக்கைக் கொடுத்தார்.

ரெண்டு வார்த்தையா? பத்து நிமிடம் பேசினேன். "இவர் செத்துவிட்டார் என்பது உங்களுக்கு முதல் காட்சியிலேயே தெரியும். அதனால்தான் கடைசியில் அவர் மாலை போட்டுக்கொண்டு சிரிக்கும்போது உங்களுக்கு அழுகை வந்தது..." கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. முன்வரிசையில் பெரியப்பா எழுந்தார்.

"ஏங் கண்ணு, நான் கடைசீலதான செத்தேன்?"

அரங்கம் அதிர்ந்து சிரித்தது. பின்னால் ஆபரேட்டர் கையைத் தூக்கினார். "நம்பரு தலைகீழா இருந்துச்சுங்க. சாவு மொதல்ல, கல்யாணம் கடைசீல. தம்பி அவசரத்துல மாத்திப் போட்டுடுச்சாட்ட இருக்குதுன்னு நாந்தானுங்க சரி பண்ணி ஓட்டுனேன்."

அவருக்கும் கைதட்டினார்கள். எனக்குத் தட்டியதைவிடக் கொஞ்சம் பலமாக.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "பரவாயில்லை, இப்படியே நல்லாத்தான் இருக்கு" என்று டைரக்டரே சொன்னார். "இது என் படமே இல்லைங்க!" என்று மைக்கில் கத்தினேன்.

"சரி, அப்ப உங்க படத்தையே போடச் சொல்லுங்க" என்று அவர் உட்கார்ந்தார்.

போட்டார்கள். முதல் துண்டில் பெரியப்பா செத்தார். திரை இருண்டதும், படம் முடிந்தது என்று ஜனங்கள் எழுந்து சேரங்கோடு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்கள். மீதியை டைரக்டர், ஆபரேட்டர், பெரியப்பா, நான் என்று நாலு பேர் பார்த்தோம். கல்யாணக் காட்சிக்குப் பெரியப்பா மட்டும் கைதட்டினார்.

டைரக்டர் என் தோளில் கை வைத்தார். "மொதல் தடவை ஒரு மனுஷன் வாழ்ந்து செத்ததைப் பார்த்தேன். இப்ப உங்களைத்தான் பார்த்தேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பரிசு வேறு படம் எடுத்த ஒரு பெண்ணுக்குப் போனது. நான் திங்கட்கிழமை ஃபேக்டரிக்குப் போனேன்.

நாலு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். தாலியைக் கையில் எடுத்த நேரம், பெரியப்பா புரோகிதரிடம் சத்தமாகக் கேட்டார்: "ஏனுங்க சாமி, வளைகாப்பை முடிச்சுட்டுத் தாலி கட்டிக்கலாங்களா? நம்ம பையனுக்கு அப்படித்தானுங்க பழக்கம்."

மேளக்காரருக்கே சிரிப்பில் அடி தப்பியது. ஒன்றும் புரியாமல் விழித்த என் மனைவிக்கு அன்றைக்கு முப்பது பேராவது விளக்கம் சொல்லியிருப்பார்கள். புதிதாக யார் சொந்தமாகி வந்தாலும் இன்றும் சொல்கிறார்கள். எல்லாருமே முதலிலிருந்துதான்.