சேற்றில் இறங்கிய ஃபங்ஷன்

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். எதற்கும் முதலில் தோன்றும் பெயரையே வைத்துவிடும் சோம்பேறியும் நான்தான். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேரக் கூடாது.

அறுவடை வண்டிகளை வாடகைக்கு அனுப்பும் சின்ன கம்பெனியில் சேர்ந்த மூன்றாவது வாரம். எந்த வயலுக்கு எந்த நாள் வண்டி என்பதை டேட்டாபேஸ்தான் சொல்லும். கரிநாளில் வண்டி வந்தால் விவசாயிகள் திட்டுகிறார்கள் என்று, அதைத் தவிர்க்க ஒரு ஃபங்ஷன் எழுதச் சொன்னார் முதலாளி. (மண்டபம், பந்தி எல்லாம் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கணக்குப் போட்டுத் தரும் சின்ன நிரல்.)

'நெக்ஸ்ட் டே' என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்றது டேட்டாபேஸ். யாருடையது என்று கேட்டிருக்கலாம். நானோ, 'இருந்தால் மாற்றி எழுது' என்ற கட்டளையைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். பேசாமல் ஏற்றுக்கொண்டது. (கம்ப்யூட்டரையே பணிய வச்சுட்டோம்ல!)

அழிந்துபோனது என் சீனியர் நஸ்ரீன் அக்கா எழுதியது. தண்ணீர் வடிந்து மண் இறுகும்வரை வண்டியை நிறுத்திவைப்பது அந்த நெக்ஸ்ட் டேயின் வேலை.

முதல் வண்டி வலங்கைமான் பக்கம் எங்கள் ஊருக்கே கிளம்பியது. எதிர்வீட்டு சரோஜா அத்தையின் குத்தகை வயலுக்கு. பெருமை தாங்காமல் நானும் ஏறிக்கொண்டேன். குறுவை முற்றிச் சாய்ந்திருந்தது, வானம் கறுத்திருந்தது. மழைக்கு முன் அறுக்காவிட்டால் அத்தையின் அந்தப் போகம் அவ்வளவுதான். அப்பா தெருவையே கூட்டி வந்திருந்தார்.

"எம்புள்ள கம்ப்யூட்டர்லேர்ந்து அனுப்புற வண்டி, பாருங்க!"

நாள் நல்ல நாள்தான். வண்டி பத்தடி முன்னால் போனது. அப்புறம் கீழே போனது.

"என்ன தம்பி, கிழங்கு தோண்ட அனுப்பிட்டீங்களா?" என்றார் டிரைவர்.

அத்தை சிரிக்கவில்லை. "உன்ன நம்பித்தானடா அறுப்புக்கு ஆள்கூட சொல்லாம இருந்தேன்."

நஸ்ரீன் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"மாத்தி எழுதுன்னு போட்டியா?"

"ஆமாக்கா."

"அழாத. குடவாசல்ல பெல்ட் வண்டி ஒண்ணு நிக்குது, திருப்பி விடுறேன். அது சேத்துலயும் போகும். மத்த வண்டியெல்லாம் நான் நிறுத்திடுறேன். நீ வயல்ல இறங்கித் தள்ளு."

இறங்கினேன். வேடிக்கை பார்க்க வந்த தெருவே கயிறு கட்டி இழுத்தது. பெல்ட் வண்டி வந்து அறுத்து முடித்து, நெல்லின்மேல் தார்ப்பாய் போட்டதும் மழை பிடித்துக்கொண்டது. அத்தை நிம்மதியாக மூச்சு விட்டார். அப்புறம்தான் என்னைத் திட்டவே ஆரம்பித்தார்.

வேலை போகவில்லை. ஒவ்வொரு ஃபங்ஷன் பெயருக்கு முன்னாலும் அது பார்க்கும் வேலையின் பெயரைச் சேர்ப்பது என்று அக்காவும் நானும் விதி எழுதினோம். ஈரத்துக்கு ஒரு நெக்ஸ்ட் டே, கரிநாளுக்கு ஒன்று. இரண்டும் சண்டையில்லாமல் ஓடுகின்றன. புதிதாகச் சேருபவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுப்பது இப்போது நான்தான்.

வீட்டில் மட்டும் மன்னிப்பு கிடையாது. போன மாதம் தங்கை குழந்தைக்குப் பெயர் வைத்தோம். மாமன் என்பதால், காதில் பெயர் சொல்லக் குனிந்தேன்.

"டேய், இரு!" என்று அப்பா கத்தினார். "அந்தப் பேர்ல தெருவுல வேற புள்ள இருக்கான்னு பாத்துட்டுச் சொல்லு. அது காணாமப் போயிடப் போவுது!"

சரோஜா அத்தை தன் பேத்தியை இழுத்து மடியில் இறுக்கிக்கொண்டார்.