ஏழு தொட்டிக் கள்ளி

குமாஸ்தா சுந்தர்ராஜ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். துரையின் ஏழு தொட்டிச் சப்பாத்திக்கள்ளியிலும் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சுபோல ஏதோ ஒட்டியிருந்தது. ஒன்றை நசுக்கினார். ரத்தச் சிவப்பாகச் சாறு வந்தது.

"பவுனு! செடியில பூச்சி விழுந்திருச்சு!"

பங்களாவின் பின்கட்டிலிருந்து மனைவி ஓடி வந்தாள்.

கம்பம் பக்கம் வேலிக்கு வேலி வெட்டி எறிகிற முள்ளைத் தொட்டியில் வைத்து வளர்க்க ஒரு வெள்ளைக்காரரால்தான் முடியும். விவசாய ஆபீசரான துரை, மேகமலைக்குக் கிளம்பும்போது தொட்டிகளைக் காட்டி, "சுந்தர்ராஜ், ஜாக்கிரதை!" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார். தொட்டிகள் பத்திரமாக இருந்தால் தற்காலிகக் குமாஸ்தா நிரந்தரம். இல்லாவிட்டால் மாமனார் வீட்டு எருமைகள் காத்திருந்தன. துரை திரும்ப நான்கு நாள் இருந்தது.

"பொகையிலையக் கொதிக்க வச்சு ஊத்துங்க," என்றாள் பவுனு.

ஊற்றினார். பூச்சி அசையவில்லை. நெடியில் சுந்தர்ராஜுக்குத்தான் தலை சுற்றியது. கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார். கிடைத்தது மூன்றாம் தொட்டி. பவுனு முள்ளெடுத்து முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று.

"முசுறு எறும்ப விடுவமா? எங்கய்யா மாமரத்துல பூச்சிய அதுதான திங்குது?"

மறுநாள் ஒரு முசுறுக் கூடு இலையோடு வந்து சேர்ந்தது. எறும்புகள் கள்ளியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தன. வசதிப்படவில்லை போலும். வரிசை கலையாமல் போய்த் துரையின் கட்டிலில் குடியேறின.

"இப்ப என்னடி செய்யிறது?"

"கோழிய விடுங்க. எறும்பத் திங்கும்."

"கோழி கட்டில்ல ஏறுமேடி!"

"எறும்புக்குக் கோழி தேவலைங்க. கடிக்காதுல்ல?"

எட்டுக் கோழிகள் வந்தன. முசுறு கடித்ததும் எட்டும் அலறிக்கொண்டு தாழ்வாரத்துக்குப் பறந்தன. அங்கே தொட்டிகளில் வெள்ளைப் பூச்சியைக் கண்டன. முள்ளுக்கு நடுவே கழுத்தை வளைத்து வளைத்துக் கொத்தின. பொழுது சாய்வதற்குள் ஒரு பூச்சி மிச்சமில்லை!

மறுநாள் கள்ளி பளபளவென்று நின்றது. பவுனு பாயசம் வைத்தாள்.

நான்காம் நாள் காலை ஓடைப்பட்டி விவசாயி ஒச்சாண்டி, மூடி போட்ட கூடையோடு வந்து நின்றார்.

"தொர பின்னால வாராக. என்னைய முன்னால போகச் சொன்னாக சாமி."

சுந்தர்ராஜ் கம்பீரமாகத் தொட்டிகளைக் காட்டினார். "பாருய்யா! ஒத்தப் பூச்சி இருக்கா?"

ஒச்சாண்டி ஏழு தொட்டியையும் குனிந்து குனிந்து பார்த்தார். கூடையை இறக்கி வைத்தார்.

"ஏஞ்சாமி, எங்க காட்டுல மண்டிக் கெடக்குற கள்ளிய அழிக்க, தொர சீமையிலருந்து கொண்டாந்து இதுல வளத்த பூச்சியத்தான வாங்கிட்டுப் போக வந்தேன்... அது எங்கன?"