கழிவு என்று நான் எழுதிய பொட்டலம்

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசையாகச் சொன்னால் என் தப்பு கொஞ்சம் சின்னதாகத் தெரியும் என்று ஒரு நப்பாசை.

1. சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, நாலு இடத்துக்கு வேலை மனு போட்டுவிட்டு, ஆரணியில் வீட்டில் சும்மா இருந்தேன்.

2. களம்பூர் ரைஸ்மில்லில் சூப்பர்வைசராக இருந்த அப்பா, மில் முதலாளி கொடுத்தார் என்று ஒரு பொமரேனியன் குட்டியைக் கொண்டுவந்தார். சைஸ் ஒரு சின்னப் பூசணிக்காய். பெயர் சீசர்.

3. சீசரை நான் மிகவும் பொறுப்பாக வளர்த்தேன்.

4. அந்தப் பொறுப்பினால் எதிர்வீட்டுத் தறி ஐந்து நாள் ஓடாமல் கிடந்தது.

5. காரணம் யார் என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவதையும் ஐந்தாவதையும் ஒரே ஆள்தான் செய்தது. அதை இன்றுவரை என்னால் சரியாக விளக்க முடியவில்லை.

எங்கள் தெரு நெசவுத் தெரு. நாங்கள் நெசவுக் குடும்பம் இல்லை. போளூரிலிருந்து வாடகைக்கு வந்தவர்கள். காலையில் தெருவின் ஒரு கோடியிலிருந்து பாதித் தெரு வரைக்கும் பாவு நீட்டிக் கட்டுவார்கள். புடவைக்கு நெட்டாக ஓடும் பட்டு இழைகள் அத்தனையும் இடுப்பு உயரத்தில் காற்றில் நிற்கும். ஆட்கள் வெறுங்காலோடு அதன் இரண்டு பக்கமும் நடந்து இழை சரிபார்ப்பார்கள். அந்த இடத்தில் ஒரு நாய் அசிங்கம் செய்தால் என்ன ஆகும்? முதலில் காலில் ஒட்டும், பிறகு கையில், பிறகு பட்டில். இதைக் கண்டுபிடித்த முதல் ஆள் நான்தான் என்று அப்போது நினைத்தேன். (அந்தத் தெருவில் அது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அவர்கள் நாய் வளர்க்கவில்லை.)

உடனே ஒரு நோட்டுப் போட்டேன். அட்டையில் 'சீசர்: நடை விதிகள்'. பாவு சுற்றி முடிக்கும்வரை நாயை வெளியே எடுக்கக் கூடாது. சங்கிலியைக் கையிலிருந்து விடக் கூடாது. நகராட்சிப் பூங்காவுக்குப் போனால் குழந்தைகள் விளையாடும் பக்கம் போகக் கூடாது. எங்கே என்ன விழுந்தாலும் அதை நானே வாரி, குப்பைத் தொட்டியில் போட வேண்டும். டிப்ளமோ கடைசி வருடத்தில் சுகாதாரப் பொறியியல் என்று ஒரு பாடம் உண்டு. மற்ற பாடங்களில் சுமார்தான், அதில் மட்டும் எண்பத்தொன்பது. அந்த எண்பத்தொன்பதை எங்கேயாவது பயன்படுத்தியாக வேண்டுமே.

தெருவில் அதற்குக் கிடைத்த மரியாதை, குழாயடியில் காதில் விழுந்தது.

"நாய் பேண்டத வாரிகினு போறதுக்கா பொண்ண மூணு வருசம் ஆஸ்டல்ல வச்சிப் படிக்க வச்சாரு மனுசன்?"

"வேலை கெடைக்கிற வரைக்கும் கை பழகட்டும்னு இருக்கும்டி."

பூங்கா வாட்ச்மேன் மட்டும் என்னை மதித்தார். "நீ ஒருத்திதாம்மா வாரிகினு போற. ஆடு ஓட்டிகினு வர்றவனெல்லாம் ஒன்னப் பாத்து கத்துக்கணும்" என்றார். அந்த ஒரு பாராட்டில் ஒரு வாரம் நிமிர்ந்து நடந்தேன்.

வாரியதைத் தாளில் சுருட்டி, வேலை மனுவுக்கென்று வாங்கி வைத்திருந்த காக்கிக் கவர் ஒன்றில் போட்டு, நூல் கட்டுவேன். குப்பைத் தொட்டி தெருக் கோடியில் இருந்ததால், பொட்டலம் கொஞ்ச நேரம் எங்கள் வீட்டு வாசலில் காத்திருப்பதும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அதை வேர்க்கடலை என்று நினைத்துப் பிரித்துவிட்டார். அன்றைக்கு மதியம் வரை யாரோடும் பேசவில்லை. பிறகு பேசியது ஒரே வாக்கியம்: "ஏம்மா, உள்ள இன்னா கீதுன்னு மேல எழுதக் கூடாதா? பேஜாரா கீது."

நியாயமான யோசனை. மறுநாளிலிருந்து எழுத ஆரம்பித்தேன். என்ன எழுதுவது என்பதில்தான் என் படிப்பு குறுக்கே வந்தது. 'நாய்ப்பீ' என்று எழுத டிப்ளமோ விடவில்லை. ஆகவே 'கழிவு' என்று எழுதினேன். அதுவும் எப்படி? பாலிடெக்னிக்கில் வரைபடத்துக்கு எழுத்துப் பயிற்சி கொடுப்பார்கள்: எல்லா எழுத்தும் ஒரே உயரம், ஒரே இடைவெளி, அச்சடித்த மாதிரி. அது ஆங்கிலத்துக்குச் சொல்லிக்கொடுத்தது. நான் அதைத் தமிழுக்கு இழுத்து வந்திருந்தேன். என் 'ழி'யை ஸ்கேல் வைத்து அளக்கலாம்.

எங்கள் எதிர்வீடு மல்லிகா அக்காவுடையது. அவர் கணவர் ஏகாம்பரம் அண்ணன் தறி நெய்வார். பட்டு, ஜரிகை எல்லாம் கடை முதலாளி கொடுப்பது. புடவை முடிந்ததும் அக்கா அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அடுத்த பாவு வாங்கி வருவார். நெய்யும்போது அறுந்த இழை, மிஞ்சிய நூல் நுனி எதையும் வெளியே எறியக் கூடாது. அதையும் பொட்டலம் கட்டி, புடவையோடு தராசில் வைக்க வேண்டும். அந்தப் பொட்டலத்துக்கு அந்தத் தெருவில் ஒரு பெயர் இருந்தது. கழிவு.

(எனக்குத் தெரியாது. ஆறு மாதமாக எதிர்வீட்டில் இருந்தும் கேட்டதில்லை.)

ஒரு திங்கட்கிழமை சீசர் அக்கா வீட்டு வாசலருகே உட்கார்ந்தான். விதிப்படி வாரினேன், கட்டினேன், பையிலிருந்த பேனாவால் பெயரும் எழுதினேன். அப்போது ஒரு பூனை ஓடியது. சங்கிலி கையை விட்டு நழுவியது. விதி மீறல். பொட்டலத்தை அக்கா வீட்டு ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு அவன் பின்னால் ஓடினேன். அரை மணி கழித்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது ஜன்னலில் பொட்டலம் இல்லை. துப்புரவுப் பெண் எடுத்துப்போயிருப்பாள், நல்ல வேளை என்று நினைத்துக்கொண்டேன்.

சாயந்திரம் மல்லிகா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"பாப்பா, நீ படிச்ச பொண்ணு. மொதலாளிக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு."

"என்னக்கா ஆச்சு?" (நடிப்பு இல்லை. அந்த நிமிடம் வரை எனக்கு நிஜமாகவே தெரியாது.)

"பொடவ எடுத்துகினு கெளம்பினேன். ஜன்னல்ல பொட்டலம் இருந்துச்சு. க-ழி-வுன்னு எழுத்துக்கூட்டிப் படிச்சேன். ஒங்கண்ணன்தான் யாரையோ வுட்டு எழுதி வச்சிகீதுன்னு எடுத்துகினு போனேன். மொதலாளி தராசுல வச்சாரு. ஈரமா கீதேன்னு பிரிச்சாரு. கைய வுட்டாரு."

அதற்குமேல் அவர் சொல்ல வேண்டியதில்லை.

"கடையில கல்யாணத்துக்குப் பொடவ எடுக்க வந்தவங்க பத்து பேரு. போன வாரம் கரை சரியில்லன்னு அவரு ரெண்டு வார்த்த பேசினாரு. அதுக்கு நாங்க இப்பிடிப் பதில் குடுத்துட்டமாம். இனிமே ஒங்களுக்குப் பாவு இல்ல, போன்னுட்டாரு. தறிய வெறுமனே வச்சிகினு நாங்க இன்னா பண்ணுவோம்?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஒரே வாக்கியம். 'அக்கா, அது என் நாயுடையது.' வாய் திறந்தது. வெளியே வந்தது வேறு.

"கோடு போட்ட தாள்ல எழுதட்டுமா, கோடு போடாததுலயா?"

எழுதினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நன்றாக எழுதினேன். மேலே 'பொருள்: கழிவு மாறிய விவரம்' என்று தலைப்பு. கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று காரணங்கள். பத்து வருடமாக நாணயமாக நெய்பவர்கள். இப்படிச் செய்யக் கூடியவர்கள் அல்ல. யாரோ விஷமி வைத்த பொட்டலம். (விஷமி. அந்த வார்த்தையை நான்தான் தேர்ந்தெடுத்தேன்.) அக்கா என் கையைப் பிடித்து, "ஒனக்கு நல்ல எடத்துல வேலை கெடைக்கும் பாப்பா" என்றார்.

மறுநாள் கடிதத்தைக் கடையில் கொடுத்தார். முதலாளி பட்டு வாங்க வெளியூர் போயிருந்தார், வெள்ளிக்கிழமைதான் வருவார் என்றார்கள். அதுவரை எதிர்வீட்டில் சத்தம் இல்லை. தினமும் காலையில் அந்தத் தறிச் சத்தத்தில்தான் நாங்கள் எழுவோம். மூன்றாம் நாள் அப்பா, "இன்னா, எதுர்வூட்ல சத்தமே காணோம்? ஒடம்பு சரியில்லயா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். ஏகாம்பரம் அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். சீசர் போய் அவர் காலை நக்கினான். அவர் அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை அக்கா வந்தார். எங்கள் மேஜைமேல் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று என் கடிதம். இன்னொன்று காக்கிக் கவர். சாட்சிக்கு இருக்கட்டும் என்று முதலாளி அதை ஆணியில் மாட்டி வைத்திருந்தாராம். இரண்டிலும் 'கழிவு'. இரண்டு 'ழி'யும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"ரெண்டும் ஒரே கையான்னு மொதலாளி கேக்கறாரு. எனக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். நீயே பாத்துச் சொல்லு பாப்பா."

அக்காவுக்குத் தெரிந்திருந்தது. இருந்தும் கேட்டார்.

"ஒரே கைதான்க்கா."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

இருவரும் கடைக்குப் போனோம். அக்கா பத்தடி முன்னால், நான் பின்னால். கடையில் அன்றும் கூட்டம். முதலாளி தராசுக்குப் பின்னால் இருந்தார். கடிதத்தையும் கவரையும் அவர் முன் வைத்து, இரண்டும் நான் எழுதியது என்றேன்.

"உள்ள இருந்தது?"

"எங்க நாயோடதுங்க."

"அத்த வாரி, கவர்ல போட்டு, பேரும் எழுதி வப்பியா?"

"பொறுப்பா இருக்கணும்னுங்க."

யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எழுத்து நல்லாத்தான் கீது. ஆனா ஏம்மா, நாய்ப்பீன்னு எழுதினா இன்னா கொறஞ்சிடுவ? அதுவும் தமிழுதானே? இவ தொட்டிருக்கவே மாட்டா."

பிறகு கணக்கரிடம், "ஏகாம்பரத்துக்குப் பாவு எடுத்துப் போடு" என்றார். அக்கா நகரவில்லை.

"நான் செய்யலன்னு இவங்க எதுர சொல்லுங்க மொதலாளி. அன்னிக்கும் பத்து பேரு இருந்தாங்க."

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, "மல்லிகா மேல தப்பு இல்ல" என்றார். அக்கா பாவு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். எனக்காக நிற்கவில்லை.

அப்புறம் எனக்கு செய்யாற்றில் வேலை கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். சீசருக்குப் பாதிப் பல் விழுந்துவிட்டது. அவனுடையதை இன்றும் நான்தான் வாருகிறேன், கவரில் ஒன்றும் எழுதுவதில்லை. எங்கள் வீட்டுக்கு எந்த உறவுக்காரர் வந்தாலும், காபி ஆறுவதற்குள் அப்பா இந்தக் கதையை எடுத்துவிடுவார். அவர் கதையில் பொட்டலம் மாறுகிறது, முதலாளி கையை விடுகிறார், நான் கடைக்குப் போய் தைரியமாக உண்மையைச் சொல்கிறேன், எல்லாரும் சிரிக்கிறார்கள். இடையில் ஒரு கடிதம் இருந்தது அவருக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. மல்லிகா அக்காவும் சொன்னதில்லை. ஒருமுறை அவர் இருக்கும்போதே அப்பா கதையைச் சொன்னார். அவரும் சிரித்தார்.

அக்கா என்னோடு பேசுகிறார். தீபாவளிக்குப் பலகாரம் வருகிறது, போகிறது. ஆனால் ரேஷன் கார்டு மனுவோ, பிள்ளைகளின் பள்ளிக்கூட விண்ணப்பமோ, எதுவானாலும் பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய், அங்கே மனு எழுதுகிறவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்கி வருகிறார். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.