செங்கோலைப் பறித்த பசை

தலைவர்கள் கூட்டம் கூட்டமாய்ச் சிறைக்குச் சென்றும் கிடைக்காத சுயராஜ்யத்தை, ஒரே ஒரு கத்தரிக்கோலால் மதுரைக்கு வாங்கித் தந்தவர் பசை. கோயிலருகே படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். இயற்பெயரை அவர் மனைவியும் மறந்திருப்பார் என்பது தெருவின் துணிபு. கையில் எந்நேரமும் புளியங்கொட்டைப் பசை. அவரோடு கைகுலுக்கியவர் உடனே விடைபெற இயலாது.

எந்தப் படத்தையும் அவர் கொடுத்தபடியே திருப்பித் தந்ததில்லை. பழைய சாமி படங்களிலிருந்து எதையாவது வெட்டி ஒட்டிவிடுவார். கவர்னர் படம் கொடுத்த மிராசுதாருக்கு, அழகர் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும் கவர்னரே கிடைத்தார். ஒரு ஜமீன்தார் பிள்ளையார்முன் தோப்புக்கரணம் போட்டார்.

என் தந்தையார் வக்கீல். ராவ் சாகிப் பட்டத்துக்கு அவர் பெயர் பரிசீலனையில் இருந்தது. கலெக்டர் துரை தேநீருக்கு வர இசைந்ததும், கூடத்தில் மாட்டுவதற்காக இங்கிலாந்து மன்னர் படத்தைச் சட்டம் போடக் கொடுத்தார். சித்திரைத் திருவிழா நெரிசலில் வேறு கடை வாய்க்கவில்லை.

துரை வரவேண்டிய வேளையில்தான் பசை வந்து படத்தை மாட்டினார். மன்னரின் செங்கோலை மீனாட்சியும் பிடித்திருந்தாள்.

"என்னய்யா இது?" என்றார் தந்தையார்.

"ஆத்தாவுக்குப் பட்டாபிஷேகம் ஆயிருச்சுல்ல வக்கீலய்யா. ஆவணி வரைக்கும் மதுரையில அவ ஆட்சி. இவரு எதுக்குச் செங்கோல வச்சுக்கிட்டுத் திரியுறாரு? குடுக்கச் சொல்லிட்டேன்."

"என் பட்டம் போச்சு. கழட்டி அடுப்புல போடு."

என் தாயார் குறுக்கே வந்தார். "ஆத்தா படத்தையா? நீங்க பட்டம் வாங்குங்க, வாங்காமப் போங்க. எங் கண்ணு முன்னால அது அடுப்புக்குப் போகாது." சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டவும் அவர் ஒப்பவில்லை. ஆத்தாவை யாராவது சுவரைப் பார்க்கச் சொல்வார்களா?

அதற்குள் துரையின் கார் வந்துவிட்டது. படத்தின்முன் நின்றவர், இதன் பொருள் யாதென ஆங்கிலத்தில் வினவினார். கல்லூரி மாணவனாகிய நானே துபாஷி. பசை முந்திக்கொண்டார்.

"சொல்லு தம்பி. ராசா ஆட்சிய ஆத்தாகிட்ட ஒப்படைக்கிறாருன்னு சொல்லு."

படத்தில் இருந்தது ஒரு செங்கோல், பற்றியிருந்தவர் இருவர். கொடுப்பவர் யார், கொள்பவர் யார் என்பதைப் படம் சொல்லவில்லை. "அன்னை மன்னருக்குச் செங்கோல் வழங்கி அருள்கிறாள்" என்று பிழையற்ற ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். துரை மெல்லத் தலை தாழ்த்தினார்.

"பாத்தீங்களா," என்றார் பசை. "தொரையே ஒத்துக்கிட்டாரு."

பட்டம் வந்தது. பட்டயத்துக்குச் சட்டம் போட வேண்டியிருந்தது. அப்போது கடைவீதியில் எல்லாக் கடைகளும் திறந்திருந்தன. ராவ் சாகிப் அவர்கள் அவற்றையெல்லாம் கடந்து பசையிடமே சென்றார். பட்டயத்தை நீட்டிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"இதுல ஆத்தாவுக்கு எடம் இருக்காய்யா?"