சிவப்புக் கால்

தொலைநோக்கியில் கண்ணை வைத்ததும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனுக்குக் கும்மிருட்டாகத் தெரிந்தது.

"தெரியுதா தம்பி?" என்றார் நீதிபதி.

"தெரியுது சார்."

நீதிபதி ஓய்வு பெற்றவர். அவர் மகளை இவன் காதலித்தான். "அப்பாவுக்குப் பறவைன்னா உசிரு. அவர் சரின்னாத்தான் கல்யாணம். எப்படியாவது ஒப்பேத்து" என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

இலையுதிர்காலம். வலசைப் பறவைகள் வரத் தொடங்கியிருந்தன. கழிமுகத்தில் நீர் வற்றிச் சேற்றுத் திட்டு வெளியே கிடந்தது. மணல்மேட்டில் இவர்களை இறக்கிவிட்ட படகுக்காரர் படகிலேயே சாய்ந்திருந்தார்.

"கோணமூக்கு உள்ளான்! மூக்கு எப்படி மேல வளைஞ்சிருக்கு பாத்தியா?" நீதிபதி சத்தமாகச் சொன்னார். இவனுக்கு முன் அவர்தான் தொலைநோக்கியில் வெகுநேரம் பார்த்திருந்தார். "உனக்கு முன்னாடி ரெண்டு பேர் பொண்ணு கேட்டு வந்தானுங்க. இதே இடம். ஒண்ணுமே தெரியலைன்னானுங்க. கண்ணில்லாதவனுக்கா பொண்ணைக் குடுப்பாங்க?"

"அதானே சார்."

அவர் சொன்னபடி கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டிருந்தான். கண்ணைக் கசக்கினான். மறு கண்ணை வைத்தான். அதிலும் இருட்டு. ஒரு கண் என்றாலும் பரவாயில்லை. இரண்டுமா?

கடையில் எழுத்துப் பலகையைக் காட்டி ஊர்க் கண்ணைச் சோதிப்பவன் அவன். கடைசி வரி தெரியாதவர்கள் தயங்கமாட்டார்கள், சத்தமாக எதையாவது சொல்வார்கள். அவனும் சொன்னான்.

"அந்தச் சிவப்புக் கால்தான் சார் அழகு!"

"சிவப்பா? அதுக்கு நீலக் கால் ஆச்சே."

"வெயில் பட்டு..."

"வெயில் எங்கேய்யா இருக்கு?"

வானம் முழுக்க மேகம்.

"நான் பக்கத்துல நிக்கிறதைச் சொன்னேன் சார். இன்னொண்ணு."

நீதிபதி அவனைத் தள்ளிவிட்டுக் குனிந்தார்.

"அட ஆமா!" என்றார் நீதிபதி. "சிவப்புக் கால்! இந்த ஜாதி இந்தப் பக்கமே வராதே!"

இல்லாத பறவை எப்படி வந்தது? அப்படியானால் பழுது தன் கண்ணில்தான்.

"இரு, எங்க பறவைச் சங்கத்துக்குப் போன் போடறேன். எல்லாரும் வந்து பாக்கட்டும்."

எல்லாரும் வந்தால் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். பறவையைக் கிளப்பிவிடுவதுதான் வழி. பலமாகக் கை தட்டினான்.

"என்னய்யா பண்றே!"

"கொசு சார். ஐயோ, பறந்துடுச்சே!"

நீதிபதி மறுபடி குனிந்தார்.

"எங்க பறந்துச்சு? நின்ன இடத்துலயே நிக்குது. அசையவே இல்ல."

இவன் வெறுங்கண்ணால் திட்டைப் பார்த்தான். மங்கலாகச் சேறு. தொலைநோக்கியில் பார்த்தான். இருட்டு. கடை, கல்யாணம், எல்லாம் போயிற்று. குருடன் அடுத்தவர் கண்ணைச் சோதிப்பதா? உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தான்.

"சார், எனக்கு..."

நீதிபதி அவன் தோளில் கை போட்டார்.

"நாப்பது வருஷமா பாக்கறேன். என் கண்ணுக்கே தப்பினதை நீ பிடிச்சிட்டே. கண்ணுன்னா இதான் கண்ணு. அடுத்த மாசமே தேதி குறிச்சிடலாம், மாப்பிள்ளை."

திறந்த வாய் அப்படியே இருந்தது.

"சரிங்க மாமா" என்றது.

நீதிபதி மகளுக்குப் போன் போட்டுக்கொண்டே படகை நோக்கி நடந்தார். சாமான் எடுக்க வந்த படகுக்காரர் தொலைநோக்கியைத் தோளில் சாய்த்து, அதன் முன்முனையை விரலால் தட்டினார். டொக்கென்றது.

"ஐயா வழக்கம்போல மூடியைக் கழட்ட மறந்துட்டாரு. முன்னாடி வந்த ரெண்டு பேரும் ஒண்ணும் தெரியலைன்னு அவர்கிட்டயே சொல்லித் தொலைச்சாங்க தம்பி, நீங்கதான் பொழைக்கத் தெரிஞ்சவரு."