ஜெபஸ்டின் பரமத்தி வேலூருக்கு டிஸ்க் விடுத்த படலம்

வாழிய சேலத்து நாலு ரோட்டுக் காவலன்! வாழிய, பதினெட்டுப் படியேறி மூச்சிரைத்து வருவோர்க்கெல்லாம் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி ஈந்த வள்ளல்! பழைய வீடியோ கேம் டிஸ்கை வாங்கி, துடைத்து, சட்டை நுனியால் மறுபடியும் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, கீறலின் நீளத்தைக் கொண்டே அது எத்தனை வீடு மாறி வந்தது என்று உரைக்கவல்ல ஞானக்கண்ணன்! முன்னொரு கோடை விடுமுறையில் டிஸ்கைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடிய கள்வர் குழாத்தால் நெஞ்சு நொந்து, அன்றுமுதல் டப்பாக்களைச் சுவரிலும் டிஸ்குகளை மேசை டிராயரிலும் பிரித்து வைத்து ஆண்ட மதியூகி! சவரியார் பெற்ற செல்வன், வினோலியாவின் கரம்பற்றிய மணாளன், ஜெபஸ்டின் என்னும் பெருவணிகன் பொருத போரைப் பாடப் புகுந்தேன். கேட்பவர்கள் போனைச் சற்றுக் கீழே வையுங்கள்.

அவனுக்கு வாய்த்த பகைக்கோ உருவம் இல்லை. டவுன்லோடு என்பது அதன் பெயர். கடை வாடகை அறியாது, ஷட்டர் துருப்பிடித்த கதை அறியாது, படியேறாது, பேரம் பேசாது. வீட்டுக்குள் கம்பி வழியே புகுந்து, விரும்பிய விளையாட்டை விரும்பிய நேரத்தில் இறக்கி வைத்துவிட்டு ஓசையின்றி நிற்கும். ஓமலூரில் பதினான்கு பேர், வாழப்பாடியில் ஒன்பது பேர், அம்மாபேட்டையில் ஒரு தெருவே என ஜெபஸ்டினின் வாடிக்கையாளர் சேனையை ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் கவர்ந்துகொண்டது அப்பகை. எஞ்சிய பெருவீரர் ஒருவரே. பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த சின்னராஜ், மாதம் தவறாமல் பஸ் ஏறி வந்து, ஆடி முடித்த டிஸ்கைக் கொடுத்துவிட்டு வேறொன்றை மாற்றிக்கொண்டு போவார்.

அப்போதுதான் மொபைல் கவர் மூட்டை இரண்டை வாங்கிக் கடையின் மூலையில் இறக்கிய வினோலியா, இடுப்பில் கைவைத்து ஒரு பிரகடனம் செய்தாள்.

“சின்னராஜும் போயிட்டாருன்னா அப்புறம் பேச்சே கெடையாது. செவுத்துல இருக்கறத எல்லாம் எறக்கிட்டு கவர் மாட்டறோம். சரியா?”

சுவரில் தொங்கிய அந்தோணியார் படத்தின் முன்னே ஜெபஸ்டின் சத்தியம் செய்து கொடுத்தான். எனக்கென்னவோ அவள் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது; ஆனால் காவியம் பாட வந்தவன் வாடகைக் கணக்குப் பார்க்கக் கூடாது.

சத்தியம் செய்து பதினோராம் நாள், ஞாயிறு பூசை முடிந்து கடை திறந்த வேளையில், இடியென ஒலித்தது போன்; பேசியவர் சின்னராஜ்.

“அண்ணா, அந்த மலை மேல லாரி ஓட்டற கேம் இருக்குதுங்கல்ல, அத ஆன்லைன்லயே எறக்கிக்கலாம்னு பாக்கறனுங்க. சந்தா மொத மாசம் சும்மா குடுக்கறாங்களாமா. ரெண்டு மணி நேரத்துல எறங்கிருமுங்க.”

வாசலைத் திறந்தால் நிஜ லாரி நூறு போகும் நாமக்கல் சீமையில் பிறந்தவர் பொய் லாரிக்கு இவ்வளவு ஏங்கலாமா என்று கேளாதீர்கள். ஜெபஸ்டினோ மீசை துடிக்க எழுந்து நின்று, எட்டுத் திக்கும், குறிப்பாகக் கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடையும் கேட்க முழங்கினான்:

“சின்னராஜு, நீ இப்பவே டவுன்லோடு போடு! நான் இப்பவே பஸ்ல குடுத்து விடறேன்! எது மொதல்ல வருதோ, காலத்துக்கும் அதையே வச்சுக்க!”

“சரிங்ணா. தோத்துட்டா கோவிச்சுக்கக் கூடாதுங்க” என்றார் அந்த உத்தமர்.

புயல் புறப்பட்டது. செந்நிற லாரி படம் பொறித்த டப்பாவைச் சுவரிலிருந்து பறித்தான்; செய்தித்தாளால் போர்த்தினான்; அதன்மேல் பழுப்பு டேப்பால் ஏழு சுற்றுச் சுற்றிக் கவசம் பூட்டினான்; சின்னராஜின் எண்ணைக் கொட்டை எழுத்தில் பொறித்தான்; ஸ்கூட்டர் ஏறினான். மோட்டார் பெல்ட் முதல் கல்யாணப் பத்திரிகை வரை எதையும் ஓடும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வண்டி எண்ணைப் போனில் சொன்னால் அந்த முனையில் ஆள் நின்று வாங்கிக்கொள்ளும் வழக்கம் அல்லவா நம்முடையது! புதிய பஸ் நிலையத்தில் கரூர் வண்டி நகரத் தொடங்கிய கணத்தில், பின்னால் ஓடி, படியில் நின்ற கண்டக்டர் முருகானந்தத்தின் கையில் பார்சலைத் திணித்தான். அவர் அதை டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மேல் வைத்தார்.

தொடங்கியது பெரும்போர். பஸ் மல்லூர் தாண்டியபோது டவுன்லோடு இருபது சதவீதம். ராசிபுரத்தில் பஸ் நின்று ஆள் ஏற்றியபோது ஐம்பது. கடைக்குத் திரும்பிய ஜெபஸ்டினோ சின்னராஜுக்கொரு போன், கண்டக்டருக்கொரு போன் எனக் காதும் கையுமாய்த் தவித்தான். நான்காம் முறை அழைத்தபோது முருகானந்தம் சினந்து மொழிந்தார்:

“ஏனுங்க, பஸ்ஸுக்கு றெக்கையா இருக்குது பறக்கறதுக்கு? இன்னொருக்கா போன் பண்ணுனீங்கன்னா புதுச்சத்திரத்துலயே எறக்கி வெச்சுட்டுப் போயிருவனுங்க.”

நாமக்கல் நிலையத்துக்குள் புகுந்த பஸ், “கரூர், கரூர்” என்று கூவியபடி பத்து நிமிடம் அசையாது நின்றது. சின்னராஜ் வீட்டிலோ டவுன்லோடு எண்பத்து மூன்று! தொலைந்துபோன பொருளை மீட்டுத் தருபவர் அந்தோணியார். தொலைந்துகொண்டிருக்கும் வாடிக்கையாளரையும் மீட்டுத் தரக் கூடாதா என்று மெழுகுவர்த்தி ஏற்றி இறைஞ்சினான் ஜெபஸ்டின். மெழுகு ஒரு விரற்கடை உருகவில்லை, வந்தது செய்தி.

“அண்ணா, ஊட்ல கரண்ட் போயிருச்சுங்க!”

ஆஹா, மின்தடையே! உன்னை வையாத வாய் தமிழ்நாட்டில் ஏது? அன்று மட்டும் நாலு ரோட்டில் ஒருவன் உன்னை இரு கைகூப்பித் தொழுதான். அரை மணி நேரம் மோடத்தின் விளக்கு அவிந்து கிடக்க, கரூர் வண்டி பரமத்தியைக் கடந்து, காற்றைக் கிழித்து, வேலூர் பஸ் நிலையத்தில் ஆரவாரத்துடன் புகுந்தது. பைக்கில் வந்து காத்து நின்ற சின்னராஜ் பார்சலை இரு கையாலும் ஏந்தினார்.

“பார்சல் வந்துருச்சுங்ணா. கரண்ட்டும் இப்பத்தான் வந்துச்சாமா. அது இன்னும் எண்பத்தி மூணுலதான் நிக்குது. செயிச்சுட்டீங்க! சொன்ன சொல்லு சொன்னதுதானுங்க, அதைய போன்லயே அழிச்சுட்டனுங்க.”

ஜெபஸ்டின் ஸ்டூல் மேல் ஏறி நின்றான். சுவர் முழுக்க அணிவகுத்த டப்பாக்களை, போர் முடிந்து திரும்பிய படையைப் பார்ப்பதுபோல் பார்த்துச் சிரித்தான். கண் கலங்கியது, அதை மறைக்கவும் அவன் முயலவில்லை. அவன் இப்படிச் சிரித்துப் பல வருடமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள் வினோலியா. கவர் மூட்டைகளைக் காலால் மெல்ல மேசைக்கடியில் தள்ளினாள்.

“சரி, ஜெயிச்சுட்டீங்க. டீ சொல்றேன்” என்றபடி சில்லறை எடுக்க டிராயரைத் திறந்தவள், அப்படியே நின்றாள்.

மறுபடியும் போன் அடித்தது.

“ஏனுங்ணா, டேப்ப அறுத்துப் பாத்தனுங்க. டப்பா புதுசாட்டம் இருக்குது. உள்ள டிஸ்க்கத்தான் காணமுங்க.”

டிராயருக்குள், பிளாஸ்டிக் உறைக்குள், செந்நிற லாரி பளபளத்துக்கொண்டிருந்தது. அதைக் கையில் எடுத்துக் கணவனிடம் காட்டினாள் வினோலியா. ஜெபஸ்டின் ஸ்டூலை விட்டு இறங்கினான்.

“பரவால்லீங்ணா, விடுங்க” என்றது போன். “மறுக்கா டவுன்லோடு போட்டுட்டனுங்க.”

திங்கட்கிழமை காலையில் இருவரும் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய், மொபைல் கவர் மாட்ட நாலு டஜன் கொக்கி வாங்கினார்கள்.